ஆம்பளைக்கும் வரும்

எனக்கு வந்தது மார்பகப் புற்றுநோய். நான் ஆண். இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுதினால் படிப்பவர்கள் அச்சுப்பிழை என்று நினைக்கிறார்கள். அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன். என் பெயர் ஏகாம்பரம். மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்து, ஆட்களோடு நானும் பாத்தியில் இறங்கி வேலை செய்கிறவன். மீசை உண்டு. இடது மார்பில் புற்றுநோய் வந்தது, அறுத்து எடுத்தார்கள், இப்போது நன்றாக இருக்கிறேன். சிரிக்க நினைப்பவர்கள் இங்கேயே சிரித்து முடித்துவிடலாம். எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

சித்திரை வெயிலில்தான் முதலில் கையில் தட்டுப்பட்டது. இடது மார்க்காம்புக்கு அடியில் ஒரு கட்டி, கொட்டைப்பாக்கு அளவுக்கு. வலி கிடையாது. எங்கள் தொழிலில் அந்த இடத்தில் கட்டி இருப்பது அதிசயமும் இல்லை. பாத்தியில் உப்பைத் தள்ளும் பலகைக்கு நீளமான கழி இருக்கும். அதன் நுனி மார்பில் முட்டி முட்டி, எங்கள் ஆட்களில் பலருக்கு அங்கே தோல் காய்த்துப் போயிருக்கும். யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவனுக்குக் காய்ப்பு விழுந்தால், இப்பத்தாண்டா நீ உப்பளத்துக்காரன் என்று கிண்டல் செய்வோம். என் கட்டியையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன். காம்பு உள்ளே இழுத்துக்கொண்டபோதும் கழியை வலப்பக்கம் மாற்றிப் பிடித்தேனே தவிர, டாக்டரிடம் போகவில்லை. சீசனில் எவன் ஆஸ்பத்திரிக்குப் போவான்?

மழை பிடித்து உப்பளத்தில் தண்ணீர் நின்றபிறகு, என் மனைவி வசந்தாதான் இழுத்துக்கொண்டு போனாள். சோப்புப் போட முதுகு தேய்த்துவிட்டவள் கை முன்னால் வந்தபோது நின்றுவிட்டது. காய்ப்பு என்றால் தோலோடு நகரணும், இது உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றாள். அவள் சொன்னதுதான் சரி என்று பிறகு தெரிந்தது.

புதுச்சேரிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். மார்பகப் பரிசோதனைப் பிரிவுக்குத் தனிக் கட்டடம், வாசலில் ஒரு காவலாளி. வசந்தாவை வணக்கத்தோடு உள்ளே அனுப்பிவிட்டு, என் நெஞ்சுக்கு நேராகக் கையை நீட்டினார். ஆண்கள் வெளியே மரத்தடியில் உட்கார வேண்டுமாம். நான்தான் நோயாளி என்றேன். அவர் என் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள், கவுண்ட்டரில் போய் மாற்றிக்கொண்டு வா என்றார். அங்கே ஆரம்பித்தது என் சண்டை. சிகிச்சை முடிகிற வரைக்கும் ஒவ்வொரு புதுக் காவலாளியிடமும் இதே சண்டைதான். முதல் நாள் கூனிக் குறுகிப் போனேன். மூன்றாவது தடவைக்குள் ருசி கண்டுவிட்டேன். ஆமாங்க, எனக்குத்தான், மாருலதான், உள்ள விடுங்க என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போவேன்.

உள்ளே போனால் எல்லாரும் பெண்கள். என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார்கள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, தலையில் துணி கட்டிய ஓர் அம்மா, யாருக்குங்க உடம்பு முடியல என்று கேட்டார். எனக்குத்தாங்க என்றேன். பிறகு அந்த அம்மா தன் பையை எடுத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியைக் காட்டி, இங்க காத்து வரும், வாங்க அண்ணே என்றார். அதற்குப் பிறகு நான் அங்கே அந்நியன் இல்லை. பின்னால் மருந்து ஏற்றியபோது வந்த வாய்ப்புண்ணுக்கு மோர் கொண்டு வந்ததும், ஊசி ஏறும்போது கையில் நரம்பு கிடைக்க வெந்நீர்ப் பை வைக்கச் சொன்னதும் அந்தப் பெண்கள்தான். ஆண்கள் உட்கார்ந்திருந்த மரத்தடியில் எனக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

முதலில் எக்ஸ்ரே மாதிரி ஒரு படம். மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தி எடுப்பது. எனக்கு அழுத்துவதற்கு என்ன இருக்கிறது? அந்த டெக்னீஷியன் பெண் இழுத்துப் பிடித்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எடுத்தாள். அடுத்து ஊசியால் கட்டியில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதித்தார்கள், அதற்குப் பெயர் பயாப்சி. ரிசல்ட் வருவதற்குள் நான் பட்டதைப் பயம் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு வார்த்தை தேட மாட்டேன். சாவைவிட, ஊரில் என்ன சொல்லிக்கொள்வது என்பது பெரிதாக இருந்தது. அதை நினைத்தால் இப்போது எனக்கே கோபம் வருகிறது.

புற்றுதான். இடது மார்பைச் சதையோடு எடுத்து, அக்குளிலிருந்து சில நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். அறுத்த இடத்தில் ஊறும் நீர் வடிய ஒரு குழாய், அதன் முனையில் ஒரு டப்பா. அதைக் கையில் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். வசந்தா தன் பழைய பச்சைப் புடவையைக் கிழித்துத் தோளில் மாட்டுகிற மாதிரி ஒரு பை தைத்துத் தந்தாள். வார்டில் எல்லாரும் கேட்டார்கள் என்று அந்தப் புடவை முழுவதையும் பைகளாகத் தைத்து முடித்தாள். அரசாங்கக் காப்பீட்டு அட்டை பெரும்பகுதியைத் தாங்கியது. மீதிக்கு ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை பார்க்கும் என் ஒரே மகன் ஓவர்டைம் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, என் காலைப் பிடித்துவிடுவான்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோதுதான் எனக்கு பைபாஸ் சர்ஜரி நடந்திருக்கிற விஷயம் எனக்கே தெரிந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைக்கச் சொன்னார்கள். பரப்பியது என் தங்கை கௌரி. கிளியனூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளுக்கு இரண்டு பெண்கள், மூத்தவள் தேவிக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீமோ என்கிற மருந்தை நரம்பில் ஏற்ற ஏற்ற என் தலைமுடி கொட்டியது. அதற்கும் கௌரி பதில் வைத்திருந்தாள். பைபாஸ் நல்லபடியாக முடிந்ததற்குத் திருப்பதியில் மொட்டையாம். மீசையும் கொட்டிப்போனது. அதைப் பெருமாளுக்கு எப்படிக் கொடுத்தேன் என்று மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை.

நான் முதலில் விட்டுவிட்டேன். தங்கச்சி ஆசைக்கு ஒரு பைபாஸ் இருந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். அதை விட முடியாமல் செய்தது ரத்தப் பரிசோதனை.

ஆணுக்கு இந்த நோய் வந்தால் பரம்பரைச் சோதனை கட்டாயம் பார்க்க வேண்டும் என்றார்கள். அதற்கென்றே ஓர் இளம் பெண், மரபணு ஆலோசகர். அம்மா வழியில் யாருக்காவது மார்புக் கட்டி உண்டா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்பா வழியில் என்றாள். அப்பா வழியில் எப்படி வரும், இது பெண்கள் நோயாயிற்றே என்றேன். அவள் சிரிக்கவில்லை. உங்களுக்கே வந்திருக்குதே சார் என்றாள். அப்புறம்தான் அஞ்சலை அத்தை ஞாபகத்துக்கு வந்தாள். அப்பாவின் அக்கா. நான் சிறுவனாக இருந்தபோது செத்துப் போனாள். உப்பளச் சூடு தாங்கவில்லை என்று சொன்னார்கள். கடைசிக் காலத்தில் யாரையும் பக்கத்தில் விடாமல், மார்பில் வேப்பிலை அரைத்துக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

அந்தப் பெண் எனக்கு விளக்கிச் சொன்னதை, நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்று நூல் போன்ற ஒன்று இருக்கிறது. உடம்பு எப்படி வளர வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்கிற உத்தரவெல்லாம் அதில்தான். அந்த நூல் தினமும் எங்காவது அறுந்துகொண்டே இருக்குமாம். எல்லாருக்கும்தான். அறுந்ததை ஒட்டுவதற்கென்றே சில மரபணுக்கள் உண்டு. அதில் ஒன்றின் பெயர் பி.ஆர்.சி.ஏ. இரண்டு. உப்பளத்தில் கரை உடையாத நாள் உண்டா? உடைந்ததும் மண்ணைப் போட்டு மிதிக்க ஆள் இருந்தால் பாத்தி பிழைத்துக்கொள்ளும். என் உடம்பிலும் கரை அடைக்க அப்பா ஓர் ஆளையும் அம்மா ஓர் ஆளையும் அனுப்பி வைத்திருக்கிறார்கள். எனக்கு வந்த ஆட்களில் ஒருவன் பிறவியிலேயே கை விளங்காதவன். மற்றவன் ஒண்டியாளாக இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டான். ஓர் இடத்தில் அவனும் விழுந்தான், அங்கே கட்டி வந்தது.

பிறகு அவள் சொன்னதுதான் என்னை உட்கார விடவில்லை. பிள்ளைகளுக்கும் கூடப் பிறந்தவர்களுக்கும் இந்தப் பழுது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருந்தால் நோய் வந்தே தீரும் என்று இல்லை. ஆனால் பெண்களுக்கு மார்பிலும் சினைப்பையிலும் வருகிற ஆபத்து மற்றவர்களைவிட ரொம்ப அதிகம். முன்பே தெரிந்தால் வருஷா வருஷம் ஸ்கேன் பார்த்து, சுண்டைக்காயாக இருக்கும்போதே பிடித்துவிடலாம். வேண்டுமென்றால் வருவதற்கு முன்பே ஆபரேஷனும் செய்துகொள்ளலாம். என் மகன் மறுவாரமே ரத்தம் கொடுத்தான், அவனுக்குப் பழுது இல்லை. பாக்கி கௌரிதான்.

நேரில் போனேன். வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். காப்பி கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"என்னால முடியாதுண்ணே," என்றாள். "ரத்தத்துலயே கோளாறுன்னு தெரிஞ்சா என் பொண்ணுங்கள எவன் கட்டுவான்? நீ பைபாஸுன்னே இரு."

"உனக்கு வந்து நீ போயிட்டா அப்ப கட்டிக்குவானுங்களா?"

"வராது. எனக்கு ஒண்ணும் வராது. இன்னொரு தடவ இந்தப் பேச்ச எடுத்தா நான் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்."

பஸ்ஸில் வரும்போது என் தங்கச்சி செத்துவிடுவாள் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அஞ்சலை அத்தை மாதிரி வேப்பிலையைக் கட்டிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, மானத்தோடு செத்துவிடுவாள். மரக்காணத்தில் இறங்குவதற்குள் எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

எங்கள் குலதெய்வம் பச்சைவாழியம்மன். கழுவெளிச் சதுப்பு ஓரம் பனைகளுக்கு நடுவில் இருக்கிறாள். சித்திரையில் வருஷப் பொங்கல். ஒரே தாத்தன் வழி வந்த பங்காளிகள் எல்லாரும் வருவோம், இந்த வீட்டில் பிறந்து வெளியூரில் வாக்கப்பட்ட பெண்களும் வருவார்கள். யோசித்துப் பாருங்கள். அப்பா வழிச் சொந்தம் அத்தனை பேருக்கும் தெரியப்படுத்துங்கள் என்று ஆலோசகர் சொன்னாளே, அந்த அத்தனை பேரும் ஒரே பகலில் ஒரே பனைமரத்தடியில் நிற்கிறார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. படையல் போட்டபின் ஆண்கள் சட்டையைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வயது வரிசையில் நிற்க வேண்டும். பூசாரி ஒவ்வொருவர் நெஞ்சிலும் மஞ்சள் பூசுவார். பூசாரி வேறு யாரும் இல்லை, என் பெரியப்பா மகன் துரைசாமி அண்ணன். அவருக்கு மூன்று பெண்கள்.

கௌரிக்கு இந்த வழக்கம் தெரியாதா? இரண்டு நாள் முன்பே வசந்தாவுக்குப் போன். அண்ணனுக்கு வெயில் ஆகாது, இந்த வருஷம் வர வேண்டாம், வந்தாலும் தூர நிற்கட்டும், சட்டையைக் கழற்ற வேண்டாம் என்று. வசந்தா எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டு, என் வேட்டிக்குக் கஞ்சி போட்டாள்.

போனோம். என் மொட்டையைத் தடவிப் பார்த்து, திருப்பதியில் கூட்டமா என்று இரண்டு பேர் விசாரித்தார்கள். பொங்கல் பொங்கியது. வரிசையில் நின்றேன். கௌரி பெண்கள் பக்கமிருந்து தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், வேண்டாம், வேண்டாம் என்று. சட்டைப் பொத்தானில் கை வைத்தேன். கழற்றினேன். ஒரு பக்கம் மார்பு, ஒரு பக்கம் ஒன்றும் இல்லை. காம்பு இல்லாத வழவழப்பில் குறுக்கே ஒரு தையல் கோடு.

துரைசாமி அண்ணன் மஞ்சள் கையோடு வந்தார். கை என் நெஞ்சுக்கு முன்னால் நின்றது.

"பைபாஸுன்னாங்க. இது என்னாடா ஏகாம்பரம்?"

"பைபாஸ் இல்லண்ணே. மாருல கேன்சர். பொம்பளைங்களுக்கு வருமே, அது. எடுத்துட்டாங்க."

நான் திரும்பி எல்லாரையும் பார்த்து, மனசில் வைத்திருந்ததைச் சொன்னேன். இது தொத்து வியாதி இல்லை. யார் பாவமும் சாபமும் இல்லை. அறுந்த நூலை ஒட்டுகிற ஒரு மரபணுவில் பழுது, நம் அப்பன் தாத்தன் வழியில் வந்திருக்கும் போலிருக்கிறது. அஞ்சலை அத்தை உப்பளச் சூட்டில் சாகவில்லை. இங்கே நிற்கிற ஆணுக்கும் இருக்கலாம், பெண்ணுக்கும் இருக்கலாம், ஒரு குழாய் ரத்தம் கொடுத்தால் தெரிந்துவிடும். வெட்கமாக இருந்தால் என்னோடு வாருங்கள், அங்கே வெட்கத்தை விட்டுவிட்டு வருவது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். இவ்வளவுதான் பேச்சு.

துரைசாமி அண்ணன் தையல் மேலேயே மஞ்சளைப் பூசினார், மற்றவர்களுக்குப் பூசியதைவிட நிறையவே.

"வலிக்குதா?"

"அந்த எடத்துல உணர்ச்சியே கெடையாதுண்ணே."

"என் பொண்ணுங்கள எந்தக் கெழம கூட்டியாரணும்?" என்று கேட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் நான் யாருக்காக அதைச் செய்தேனோ, அவள் பையை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்துக்கு நடந்துகொண்டிருந்தாள். தேவி பின்னால் ஓடினாள். நான் போய் மறித்தேன்.

"என் பொண்ணுங்க வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்ட," என்றாள் கௌரி. என் முகத்தைப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

அதற்குப் பிறகு போன் இல்லை. தீபாவளிக்கு நான் கொண்டுபோய்க் கொடுக்கிற சீரைக்கூடத் தேவிதான் தெருமுனைக்கு வந்து வாங்கிக்கொண்டாள். தேவியைப் பார்க்க வருவதாக இருந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை என்று காதில் விழுந்தது. அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு பிடிக்கவில்லை. ஆனால் செய்தது தப்பு என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. துரைசாமி அண்ணனின் நடுப்பெண்ணுக்கு அதே பழுது இருந்தது. அவளுக்கு ஸ்கேன் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். உப்பளத்தில் நான் வழக்கம் போல வெற்று மேலோடுதான் வேலை செய்கிறேன். ஆட்கள் வேலைக்கு நடுவில் தங்கள் காய்ப்பை என்னிடம் காட்டி, இது நகருதா பாரு முதலாளி என்கிறார்கள். பார்த்துச் சொல்கிறேன். சந்தேகமாக இருந்தால் பஸ் ஏற்றிவிடுகிறேன்.

போன மாதம் செக்கப்புக்குப் போனேன். தினமும் ஒரு மாத்திரை இன்னும் நிற்கவில்லை, அதற்காக டாக்டரைப் பார்க்க வேண்டும். வாசலில் புதுக் காவலாளி. எதிர்பார்த்தபடியே என் நெஞ்சுக்கு நேராகக் கை நீண்டது. ஜென்ட்ஸ் எல்லாம் வெளியே என்றார். எனக்கு உற்சாகமாகிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு வழக்கமான சண்டைக்குத் தயாரானேன். அதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"அவர உள்ள விடுங்க. அவரு எங்கண்ணன். அவருக்கும் மாருல கேன்சர் வந்துருக்குது."

கௌரி. காத்திருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னாள். காவலாளி கையை எடுத்துவிட்டார். நான் போட வேண்டிய சண்டையை அவள் போட்டு முடித்துவிட்டதால், நான் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன். பக்கத்து நாற்காலியிலிருந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வந்து உட்காரச் சொன்னாள். தேவி சீட்டு வாங்கப் போயிருக்கிறாளாம். இரண்டு மாதமாகச் சண்டை போட்டு ரத்தம் கொடுக்கக் கூட்டி வந்ததும் அவள்தானாம்.

கேட்கப் பயமாக இருந்தது. கேட்டேன்.

"எனக்கும் இருக்குதாம்ணே," என்றாள். "ஸ்கேன்ல இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல. இனிமே வந்துக்கினே இருக்கணுமாம். சினைப்பைய எடுத்துடலாமான்னு யோசிக்கச் சொல்லிருக்காங்க. தேவியும் ரத்தம் குடுத்துட்டா."

என் கை தானாக அவள் கையைப் பிடித்துக்கொண்டது. சின்ன வயதில் சந்தைக்குப் போகும்போது பிடித்ததோடு சரி. பிறகு எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"கிளியனூர்ல என்னான்னு சொல்லிட்டு வந்த? பைபாஸா, திருப்பதியா?"

கௌரி முந்தானையை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"மாருக்கு ஸ்கேன் எடுக்கப் போறன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்," என்றாள். "பஸ் ஸ்டாப்புல கேட்டவங்க எல்லாருக்கும்."